பெண்டுலம் சுற்றினால் ஆமாவா, இல்லையா?

பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்சந்தில் மணி கோர்க்கிற கடை எனக்கு. ருத்ராட்சம், பவழம், ஸ்படிக மாலை என்று இருந்த ஷோகேஸில் இப்போது ஒரு வரிசை முழுக்கப் பெண்டுலம் தொங்குகிறது. நூலிலோ சங்கிலியிலோ கட்டிய சின்னக் குண்டுதான் அது. கையில் தொங்கவிட்டுக் கேள்வி கேட்டால், ஆடுகிற விதத்தில் பதில் சொல்லும் என்பது நம்பிக்கை. கேட்டு வருகிற கூட்டம் அப்படி. இந்தப் பத்திரிகைக்கு வந்த பெண்டுலக் கடிதங்களை ஆசிரியர் ஒரு கவரில் போட்டு, "விற்கிறவர் நீங்கள், பதிலையும் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார். விற்கிறவன் எழுதினால் விளம்பரமாகிவிடுமே என்றேன். "எழுதுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார். சரி. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், ஏரியா மட்டும் இருக்கிறது.

ராமமூர்த்தி நகர் வாசகி: ஒரு வீடியோவில் வலப்பக்கமாகச் சுற்றினால் 'ஆமாம்' என்கிறார்கள். இன்னொன்றில் முன்னும் பின்னும் ஆடினால் 'ஆமாம்', பக்கவாட்டில் ஆடினால் 'இல்லை'. எனக்கோ பெண்டுலம் சாய்வாகக் குறுக்கே ஆடுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அம்மா. இந்த ஆட்டத்துக்கு இந்த அர்த்தம் என்று எங்கேயும் சட்டம் எழுதி வைக்கவில்லை. பழகியவர்கள் முதலில் பெண்டுலத்தைப் பிடித்துக்கொண்டு "ஆமாம் என்றால் எப்படி, காட்டு" என்று கேட்பார்கள். அது எப்படி ஆடுகிறதோ அதுதான் அவர்களுக்கு ஆமாம். அப்புறம் 'இல்லை'க்கு ஒன்று, 'இப்போது சொல்ல முடியாது'க்கு ஒன்று. வெளிநாட்டுப் புத்தகங்களில் முன்பின் ஆட்டத்தை ஆமாம் என்று போட்டிருப்பது அவர்கள் தலையாட்டுகிற வழக்கத்தைப் பார்த்து வந்திருக்கும் என்பது என் ஊகம். நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால்தான் சம்மதம். அந்தக் கணக்கில் பாதிப் பெண்டுலங்கள் தப்பாகப் படிக்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்!

இன்று ராத்திரி ஒன்று செய்து பாருங்கள். ஒரு தாளில் பெரிய கூட்டல் குறி போடுங்கள். உங்களை நோக்கி வருகிற கோட்டில் 'ஆமாம்', குறுக்குக் கோட்டில் 'இல்லை'. நடுப்புள்ளிக்கு மேல் பெண்டுலத்தைப் பிடித்து, "நான் இருப்பது ராமமூர்த்தி நகரா?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும். இப்போது இன்னொரு தாளில் இரண்டு சொற்களையும் இடம் மாற்றி எழுதிக்கொண்டு, அதே கேள்வியைக் கேளுங்கள். சமர்த்தாகப் பக்கவாட்டில் ஆடும். அதே பெண்டுலத்தை ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னல் கொக்கியில் மாட்டி, அரை மணி நேரம் கெஞ்சிக் கேளுங்கள். ஒரு நூல் அசையாது.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல். கொழுப்பும் சோப்பும் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்தவர், 102 வயது வரை வாழ்ந்தவர், ஈஃபில் டவரில் பொறித்திருக்கும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. நூலில் கட்டிய இரும்பு வளையத்தைப் பாதரசத்துக்கு மேலே பிடித்தால் ஆடுகிறது, நடுவில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தால் நின்றுவிடுகிறது என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1812-இல் இவரும் பிடித்துப் பார்த்தார். ஆடியது, கண்ணாடி வைத்ததும் நின்றது. வேறொருவராக இருந்தால் அங்கேயே சிஷ்யர்களைச் சேர்க்க ஆரம்பித்திருப்பார். இவர் கையை ஒரு தாங்கலில் வைத்துப் பார்த்தார். தாங்கல் விரலை நோக்கி நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்தது. விரலையே தாங்கியதும் நின்றுபோனது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டார். உதவியாளர் கண்ணாடியை வைத்தாலும் எடுத்தாலும் பெண்டுலத்துக்கு அது தெரியவே இல்லை. 1833-இல் இதையெல்லாம் ஆம்பியருக்கு ஒரு கடிதமாக எழுதி வெளியிட்டார். ஆமாம், கரண்ட் அளக்கிற ஆம்பியர்தான்.

ஆக, ஆட்டுவது உங்கள் விரல். நீங்கள் வேண்டுமென்று ஆட்டவில்லை என்பதும் உண்மை. ஒரு திசையை மனதில் நினைத்தாலே தசை அந்தப் பக்கம் துளி நகர்ந்துவிடுகிறது, நகர்ந்தது நமக்குத் தெரிவதில்லை. கடையில் பெண்டுலம் பிடித்துப் பார்க்கிறவர்களின் முகத்தை எதிரில் நின்று பார்க்கிறவன் நான். "நான் ஆட்டவே இல்லையே" என்று அவர்கள் சொல்வதில் பொய் கிடையாது. உங்கள் கைக்குத் தெரிந்ததைப் பெண்டுலம் சொல்லும். கைக்குத் தெரியாததைக் கேட்டால், கைக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லும். கீழே வருகிற எல்லாக் கடிதத்துக்கும் இந்த ஒரு அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

சாய்வாக ஆடுகிறதே என்றீர்கள். தாளை உங்கள் பக்கம் நேராக வைக்காமல், கை மடங்கிய கோணத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்காருங்கள்.

ஜாலஹள்ளி வாசகர்: என் பெண்டுலம் முதலில் நேராக ஆடி, பிறகு முட்டை வடிவமாகி, அப்புறம் வட்டமாகிறது. சில நாள் தன்னைத்தானே சுற்றுகிறது. இதற்கெல்லாம் தனித்தனி அர்த்தம் உண்டா? சில நாள் ஆடவே மாட்டேன் என்கிறது.

தன்னைத்தானே சுற்றினால் நூல் முறுக்கு அவிழ்கிறது என்று அர்த்தம். வேறொன்றும் இல்லை. வாங்கியதும் நூலைத் தொங்கவிட்டு முறுக்கு முழுக்க அவிழும் வரை விட்டுவிடுங்கள். சங்கிலியில் இந்தத் தொல்லை குறைவு.

முட்டை வடிவம் எப்படி வருகிறதென்றால், விரல் முன்பின்னாக அசைவதோடு பக்கவாட்டிலும் கொஞ்சம் தாமதித்து அசைகிறது. இரண்டும் சேர்ந்தால் நீள்வட்டம். இரண்டும் சம அளவாகி, தாமதமும் சரியாகக் கால் சுற்று அளவுக்கு அமைந்தால் வட்டம். நேர்கோட்டில் ஆடுவதே சுத்தமான கணக்கில் அபூர்வம், எந்த ஆட்டமும் கொஞ்ச நேரத்தில் முட்டையாகத்தான் பார்க்கும். அதனால் முதலில் எந்தத் திசையில் கிளம்பியது என்பதைக் கவனியுங்கள். பின்னால் வருகிற சுற்றுக்கு உரை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆடாத நாளில் நூல் நீளத்தை மாற்றிப் பாருங்கள். ஊஞ்சலை அது திரும்பி வருகிற நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலும் உயரே போகும், நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் கொடுத்தும் போகாது. பெண்டுலமும் அதுதான். 25 சென்டிமீட்டர் நூலில் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அந்த வேகம் கைக்கு வசதி. நான்கு விரற்கடை நூலில் பிடித்தால் படபடவென்று ஆட வேண்டும், விரல் ஈடுகொடுக்காது. குண்டு கனமா, லேசா என்பதற்கும் இந்த நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ரொம்ப லேசான குண்டாக இருந்தால் காற்றே ஆட்டிவிடும்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு லேஅவுட் அசோசியேஷன் செயலாளர்: எங்கள் போர்வெல் இரண்டும் போன கோடையில் கைவிட்டுவிட்டன. டேங்கர் செலவு தாங்கவில்லை. புதிதாகப் போட முடிவு செய்து, நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் நேரில் வருவதற்கு முன்பே எங்கள் லேஅவுட் வரைபடத்தின் மேல் பெண்டுலம் பிடித்து ஓர் இடம் குறித்துக்கொடுத்துவிட்டார். வந்தபின் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து அதே இடத்தில் நிமிர வைத்தார். 'ஜெர்மன் டெக்னாலஜி' என்று ஆண்டெனா வைத்த கருவியும் வைத்திருக்கிறார். அதுவும் அங்கேயே திரும்பியது. மூன்றும் ஒரே இடம். நம்பிப் பணம் கட்டலாமா?

மூன்றும் ஒரே இடத்தைக் காட்டியதில் ஆச்சரியம் என்ன சார்? மூன்றையும் பிடித்தது ஒரே கை. இடம் எது என்று அந்தக் கைக்கு முதலிலேயே தெரியும்.

உள்ளங்கையில் கிடக்கிற தேங்காய், இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கிற கவட்டைக் குச்சி, சுழலுகிற ஆண்டெனா எல்லாம் ஒரே ஜாதி. எப்போது கவிழலாம் என்று விளிம்பில் நிற்கிற பொருள்கள். கவட்டைக் குச்சியை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள், விளங்கும். உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கிளையையும் வெளிப்பக்கம் இழுத்து வளைத்துப் பிடிப்பார்கள். வில் மாதிரி விசை உள்ளே நிற்கும். மணிக்கட்டு ஒரு நெல் அளவு திரும்பினால் போதும், குச்சி படாரென்று தலைகீழாகும். பிடித்தவரே திடுக்கிடுவார். அந்தத் திடுக்கிடலில் நடிப்பில்லை. அதனால்தான் பார்க்கிறவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

ஆண்டெனா விஷயம் இதைவிட மோசம். ஏ.டி.இ. 651 என்று ஒரு கருவியை ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர் இராக் நாட்டுக்கு வெடிகுண்டு கண்டுபிடிக்கிற கருவி என்று விற்றார். கைப்பிடி, அதில் சுழலும் ஓர் ஆண்டெனா, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, உள்ளே வேலை செய்கிற எதுவும் கிடையாது. தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேடுவதற்கென்று விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து வந்தது அது. செக்போஸ்ட்டில் நின்ற சிப்பாய்கள் அதை நம்பி வண்டிகளை உள்ளே விட்டார்கள். 2013-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடம் சிறைத்தண்டனை கொடுத்தது. உங்கள் ஆள் காட்டிய கருவியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டுவாரா பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரோட்டம் பார்க்கிற எல்லாரையும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். கிராமத்தில் வருஷக்கணக்காகக் கிணற்று வேலை பார்த்தவருக்கு மண்ணின் சரிவு, மரத்தின் செழிப்பு, புற்று இருக்கிற இடம், பக்கத்துக் கிணற்றின் ஆழம் எல்லாம் மனதில் இருக்கும். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில், ஆறாம் நூற்றாண்டிலேயே, நிலத்தடி நீருக்கென்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. நாவல் மரத்துக்குக் கிழக்கே பக்கத்தில் புற்று இருந்தால், மரத்தின் தென்புறத்தில் இரண்டு ஆள் ஆழத்தில் இனிப்பான தண்ணீர் என்கிறது. கையைத் தூக்கி நிற்கிற ஆளின் உயரம்தான் அங்கே அளவு. அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவரின் கையில் குச்சி திரும்பினால், அது வெறும் கற்பனை இல்லை. பம்பாய் மாகாண அரசே 1920-களில் மேஜர் போக்சன் என்பவரை அதிகாரபூர்வ நீரோட்டம் பார்ப்பவராகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

ஆனால் உங்கள் பிரச்சினை இரண்டு ஆள் ஆழத்துப் பிரச்சினையா? பெங்களூருக்கு அடியில் கெட்டிப் பாறை. லால்பாக்கில் ஏறி நின்று பார்க்கிறோமே, 300 கோடி வருஷத்துப் பாறை, அதே கூட்டம்தான் ஊர் முழுக்கக் கீழே கிடக்கிறது. மேலே உளுத்த மண்ணும் சிதைந்த பாறையும் இருக்கிற அடுக்கில் முன்பு கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அதை உறிஞ்சித் தீர்த்தாகிவிட்டது. இப்போது தண்ணீர் என்பது பாறை வெடிப்புக்குள் இருக்கிற தண்ணீர். உங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி தாண்டுவது சாதாரணம். அத்தனை ஆழத்தில் இருக்கிற வெடிப்பு மேலே ஒரு புல்லுக்கும் தெரியாது, பிறகு எந்தக் கைக்குத் தெரியும்? 2024 மார்ச்சில் துணை முதல்வர் சொன்ன கணக்கில், நகரத்தின் சுமார் 13,900 போர்வெல்லில் 6,900 வறண்டு கிடந்தன. அவற்றில் எத்தனை இடத்தைத் தேங்காய் காட்டியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. வறண்டால், "மிஷின்காரன் ஓர் அடி தள்ளிப் போட்டுவிட்டான்" என்பார்கள்.

ஜெர்மனியில் காசல் என்ற ஊரில் 1990-இல் நீரோட்டம் பார்க்கிறவர்களை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். அரை மீட்டர் ஆழத்தில் குழாய் புதைத்து, தண்ணீரைத் திறந்தும் மூடியும் வைத்து, இப்போது ஓடுகிறதா இல்லையா என்று கேட்டார்கள். கண்ணைக் கட்டி அடித்தால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான் வந்தது. அரை மீட்டர் சார்!

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. உங்கள் லேஅவுட் வரைபடத்தை மூன்று ஜெராக்ஸ் எடுத்து, எழுத்தையெல்லாம் அழித்துவிடுங்கள். ஒன்றை நேராக, ஒன்றைத் தலைகீழாக, ஒன்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றி, வேறு ஏழெட்டு லேஅவுட் படங்களோடு கலந்து அவரிடம் கொடுங்கள். உங்கள் படம் மூன்றிலும் ஒரே இடத்தைக் குறித்தால் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே மாலை போடுகிறேன். செலவு ஐம்பது ரூபாய் ஆகாது.

அப்புறம் உருப்படியான வேலை. சுற்றிலும் அரை கிலோமீட்டரில் இருக்கிற போர்வெல்களின் ஆழம், எந்த ஆழத்தில் தண்ணீர் தட்டியது, எப்போது வறண்டது என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதோடு நிலத்தடி நீர் நிபுணர் ஒருவரை வைத்து மின்தடை ஆய்வு செய்யுங்கள். நிலத்தில் கம்பி நட்டு மின்சாரம் செலுத்தி, அடியில் எங்கே தடை குறைகிறது என்று பார்ப்பார்கள். அதுவும் சத்தியம் செய்து கொடுக்காது. ஆனால் எந்த இடத்தில் போடவே கூடாது என்றாவது சொல்லும். குடிநீர் வாரியத்தின் அனுமதி இல்லாமல் புது போர்வெல் போடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வறண்ட இரண்டு குழியையும் மூடிவிடாமல் மாடித் தண்ணீரை வடிகட்டி உள்ளே இறக்க முடியுமா என்று அந்த நிபுணரையே கேளுங்கள்.

பானசவாடி வாசகர்: பெண்டுலம் பார்ப்பது நம் நாட்டுக் கலையா, வெளியிலிருந்து வந்ததா?

கடைத்தெருவுக்கு இப்போது வந்திருக்கிற சாமானும் அட்டவணையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் போன நூற்றாண்டில் பாதிரியார்கள் சிலர் இதைப் பெரிதாகப் பரப்பினார்கள். பழைய கதை வேண்டுமென்றால் ரோமாபுரிக்குப் போக வேண்டும்.

கி.பி. 371-ஐ ஒட்டி, ரோமப் பேரரசின் கிழக்குப் பக்கத்து நகரமான அந்தியோக்கியாவில் சிலர் ரகசியமாகக் கூடினார்கள். விளிம்பில் கிரேக்க எழுத்துகள் பொறித்த வட்டத்தட்டு. மேலே மெல்லிய நூலில் ஒரு மோதிரம். வேலன்ஸ் பேரரசருக்கு அடுத்து யார் என்று கேட்டார்கள். மோதிரம் எழுத்தெழுத்தாகத் தொட்டு 'தியோட்' வரை வந்தது. கூட்டத்தில் ஒருவர், "தியோடோரஸ்!" என்று கத்திவிட்டார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவர்தான் அவர்கள் மனதில் இருந்த ஆள். விஷயம் வெளியே வந்து வேலன்ஸ் தியோடோரஸைக் கொன்றார், கூட இருந்தவர்கள் பலரையும் கொன்றார். 378-இல் வேலன்ஸ் போரில் செத்தார். மறு வருஷம் கிழக்குப் பகுதிக்குப் பேரரசரானவர் பெயர் தியோடோசியஸ். "பார்த்தீர்களா, மோதிரம் சரியாகத்தான் சொன்னது" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் 'தியோ' என்று தொடங்கும் பெயர் தெருவுக்கு நாலு இருந்திருக்கும். மோதிரம் பிடித்த கைக்குத் தெரிந்தது தியோடோரஸ் மட்டும்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஸ்ரீராமபுரம்: எனக்கு ஆறாம் மாதம். மாமியார் என் தாலிச்சரட்டில் மோதிரம் கட்டி வயிற்றுக்கு மேலே பிடித்து, வட்டமாகச் சுற்றினால் பெண், நேராக ஆடினால் ஆண் என்று பார்க்கிறார். இதுவரை பார்த்ததெல்லாம் சரியாக வந்ததாம்.

இதில் பாதிப் பேருக்குச் சரியாக வந்தே தீரும். சரியாக வந்த வீட்டில் கதையாகச் சொல்வார்கள், தப்பாக வந்த வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வேலையில் மறந்துவிடுவார்கள். மோதிரத்தைப் பிடித்திருப்பது மாமியாரின் கை, அதனால் அது மாமியாரின் ஆசையைச் சொல்கிறது. அதைத் தெரிந்துகொள்ள மோதிரம் எதற்கு, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியுமே.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சோதித்துச் சொல்வதை 1994-ஆம் வருடச் சட்டம் ஏன் குற்றமாக்கியது என்று உங்களுக்குத் தெரியும். மோதிரம் விளையாட்டுதான் என்றாலும், வட்டமாகச் சுற்றிய அன்று வீட்டில் சமையல் ருசி மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் உங்கள் வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

கே.ஆர். புரம் வாசகி: பெண்டுலம் ஹீலர் ஒருவர் என் தைராய்டு மாத்திரை அட்டைக்கு மேலே பிடித்துப் பார்த்து, "உடம்பு இதை ஏற்கவில்லை" என்கிறார். நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவர் சொன்னால் செய்யுங்கள். ஹீலரிடம் போயே ஆக வேண்டுமென்றால், உங்கள் மாத்திரை ஒன்றையும் கல்கண்டுத் துண்டு ஒன்றையும் ஒரே மாதிரிக் கவரில் ஒட்டி, எது எதில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாதபடி வேறொருவரைக் கலக்கச் சொல்லி எடுத்துப் போங்கள். ஒரு கவர், இரு கவர் என்று நிறுத்தாமல் இருபது தடவை கேளுங்கள்.

பெல்லந்தூர் வாசகர்: ஆபீஸில் புனேவுக்கு மாற்றல் தருகிறார்கள், சம்பளமும் கூடும். பெண்டுலத்தைக் கேட்டேன். முதலில் 'போ' என்றது. மறுநாள் 'போகாதே' என்றது. கெட்ட பெண்டுலமா?

தம்பி, வந்த கடிதங்களிலேயே பெண்டுலத்திடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். பதில் உங்களுக்குள்ளே இருக்கிற கேள்வி. இரண்டு பதில் வந்ததென்றால் உங்களிடம் இரண்டு இருக்கின்றன. சாமானைக் குறை சொல்லாதீர்கள்.

கேட்கிற விதத்தை மாற்றுங்கள். 'போகலாமா' என்று கேட்டால் அதில் சம்பளம், வாடகை, அம்மாவின் முழங்கால் வலி, டீம் லீடர் மேல் இருக்கிற கோபம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பிரித்துக் கேளுங்கள். "அடுத்த பொங்கலுக்குப் புனேயில் இருக்கிறேன்" என்று கேள்வியாக இல்லாமல் வாக்கியமாகச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, பெண்டுலம் கிளம்புவதற்கு முன்னால் கையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். சிலருக்குத் தோள் இறுகும், சிலருக்கு மூச்சு லேசாகும். குண்டு ஆடுவது அப்புறம்தான். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, முக்கியமாக அம்மா.

வாடகையும் சம்பளமும் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பேப்பரில் போடுங்கள். அதைப் பெண்டுலத்திடம் கேட்டால் உங்கள் கணக்குப் பிழையையும் சேர்த்து ஆமோதிக்கும்.

விவேக் நகர் வாசகி: எந்தக் கல் நல்லது? உப்பில் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டுமா? பௌர்ணமி நிலாவில் வைக்க வேண்டுமா?

ஆடுவதற்கு எல்லாமே ஒன்றுதான். பித்தளைக் குண்டு கடைசல் பிடித்தது, நடு மையம் சரியாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வாங்க வருகிறவர்கள் கல்லைத்தான் எடுக்கிறார்கள், அழகு அப்படி. பெரும்பாலும் குஜராத்தில் கம்பாத் ஊரிலிருந்து வருகிறது. அங்கே கல் மணி அறுத்துத் தீட்டுவது ரொம்பப் பழைய தொழில்.

ஸ்படிகம் என்று வாங்கினால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நிஜ ஸ்படிகம் சில்லென்று இருக்கும், சீக்கிரம் சூடேறாது. கண்ணாடி கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். லென்ஸில் பார்த்தால் கண்ணாடிக்குள் உருண்டையான காற்றுக் குமிழ் தெரியும். ஸ்படிகத்துக்குள் இருப்பது புகை படர்ந்த மாதிரி, முறிந்த நரம்பு மாதிரி இருக்கும். 'ஓபலைட்' என்று நீலம் கலந்த பாலாக மின்னுகிறதே, அது கண்ணாடியேதான். கண்ணாடி என்று சொல்லி விற்றால் வாங்குங்கள்.

உப்பில் போடாதீர்கள். செலினைட் தண்ணீரிலேயே மங்கிப் போகும், மாலகைட் பச்சையும் பாலிஷ் இழக்கும், சங்கிலி பூஞ்சை பிடித்த மாதிரி ஆகும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். செவ்வந்திக் கல்லை வெயிலில் நாள்கணக்கில் வைத்தால் நிறம் வெளுக்கும். நிலா ஒன்றும் செய்யாது, தாராளமாக வையுங்கள். பால்கனியில் வைத்தால் குரங்கு எடுத்துக்கொண்டு போகும், அது மட்டும் ஜாக்கிரதை.

மல்லேஸ்வரம் வாசகி: அம்மா கொடுத்த வைரத்தோட்டில் ஒன்றைக் காணோம். வீட்டு பிளானை வரைந்து பெண்டுலம் பிடித்தேன். வேலைக்கு வருகிற அம்மா பை வைக்கிற மூலையில் வேகமாகச் சுற்றியது. மூன்று தடவையும் அங்கேதான். அவரிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை. கேட்கலாமா?

கேட்காதீர்கள்.

நீங்களே எங்கோ வைத்துவிட்டு மறந்த பொருளென்றால், பெண்டுலம் சில சமயம் உதவும். வைத்தது உங்கள் கைதானே, ஞாபகத்தின் ஓரத்தில் கிடக்கும். காணாமல் போனதே தெரியாமல் கழன்று விழுந்த தோடு அப்படி இல்லை. அது எங்கே என்று உங்கள் கைக்குத் தெரியாது. பிளானில் அந்த மூலைக்கு மேலே போனபோது கைக்குத் தெரிந்திருந்தது உங்கள் சந்தேகம் ஒன்றுதான். மூன்று தடவையும் அங்கேயே சுற்றியதற்கும் அதுதான் காரணம், சந்தேகம் மூன்று தடவையும் அதே இடத்தில்தான் இருந்தது.

1692-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஓர் ஒயின் வியாபாரியையும் மனைவியையும் யாரோ கொன்றுவிட்டார்கள். ஜாக் எமார் என்ற குடியானவரைக் கவட்டைக் குச்சியோடு கூட்டி வந்தார்கள். குச்சி ஊர் ஊராக இழுத்துப்போய் ஒரு சிறையில் இருந்த கூனர் ஒருவரைக் காட்டியது. அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். எமாரின் புகழ் பாரிஸ் வரை போனது. அங்கே கோந்தே இளவரசர் தோட்டத்தில் குழி தோண்டி, சிலவற்றில் தங்கமும் வெள்ளியும் புதைத்து, கண்டுபிடி என்றார். குச்சி தடுமாறிப் போயிற்று. சோதனை முதலில் நடந்திருக்க வேண்டும், தண்டனை முந்திக்கொண்டது.

வேலைக்கு வருகிற அம்மாவிடம் ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால்கூட அவருக்குப் புரிந்துவிடும். அடுத்த மாதம் தோடு கிடைத்தாலும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் பாத்ரூம் தரையில் இருக்கிற ஜாலியைக் கழற்றி, கீழே இருக்கிற கிண்ணத்தைக் கையால் துழாவுங்கள். வாஷ்பேசினுக்கு அடியில் குழாய் வளைகிற இடத்தைப் பிளம்பரை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள், பக்கெட் வைத்துக்கொண்டு. வாஷிங் மெஷினின் ஃபில்டர், தலையணை உறையின் மூலை, கடைசியாகக் கட்டிய புடவையின் மடிப்பு, ஸ்வெட்டர் கழுத்து, போனைக் காதில் வைத்துப் பேசுகிற நாற்காலியின் இடுக்கு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் கல் பளிச்சென்று காட்டும். தோடு தொலைந்த கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி தேய்ந்த திருகாணி. மிச்சம் இருக்கிற தோட்டைக் கழற்றி அதன் மரை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். தேய்ந்திருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், புதுத் திருகாணி போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.